மூன்று நிமிடம் பத்து விநாடி

மார்ச் 4

சின்னவளுக்கு,

அத்தான் எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே குப்பைக் கூடையில் போட்டுவிடுவாய் என்று உன் அக்கா அடித்துச் சொல்கிறாள். இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் பந்தயத்தில் நான் ஜெயித்தேன்.

அக்காவுக்கு மூட்டு வலியைத் தவிர வேறு குறை இல்லை. எனக்கு வலது காது பாதி போய்விட்டது. நாற்பது வருஷம் காதை வைத்துப் பிழைத்தவனுக்கு இந்த வயதில் இப்படி. உன் அக்கா திட்ட ஆரம்பித்தால் அந்தக் காதை அவள் பக்கம் திருப்பிக்கொள்கிறேன், அந்த மட்டும் லாபம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய ‘நான்கு நாற்காலிகள்’ இசைத்தட்டை ஒரு கம்பெனி மறுபடியும் வெளியிடப் போகிறது. முப்பத்து நாலு வருஷம் ஆகிறது, நம்ப முடிகிறதா? உன் அண்ணன் டிரம்பெட், நீ பியானோ, பேஸ்காரர், டிரம்ஸ்காரர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்கு நான். இரண்டே பிற்பகல். நாலு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, நேராக இரண்டு டிராக்கில் எடுத்த பதிவு. ஜாஸ் கேட்கிறவர்கள் இன்றைக்கும் அந்தத் தட்டைத் தேடி அலைகிறார்கள் என்று கம்பெனிக்கார அம்மாள் சொன்னார்.

இது சாதாரண ஆட்களுக்குப் போடுகிற தட்டு இல்லை. ஒலிப் பிரியர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் அளந்து, ஒற்றை நாற்காலி போட்டு, அதில் அசையாமல் உட்கார்ந்து கேட்பார்கள். பாட்டைக் கேட்கிறார்களோ இல்லையோ, பேஸ்காரருடைய நாற்காலி எந்த இடத்தில் கிரீச்சிட்டது என்று சரியாகச் சொல்வார்கள். அவர்களுக்காக அந்த அம்மாள் மூல டேப்பையே தேடி வந்தார். ஸ்டூடியோவை மூடியபோது பெட்டிகளெல்லாம் நம் வீட்டுக்குத்தானே வந்தன, கட்டிலுக்கு அடியில் கிடந்தன. நான் திறந்து பார்ப்பதற்குள் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நாள்பட்ட டேப் பிசுபிசுக்கும், மிதமான சூட்டில் எட்டு மணி நேரம் வாட்டினால்தான் ஓடும். “என்ன, கேக்கா சுடறாங்க?” என்கிறாள் உன் அக்கா.

இப்போது ஒரே தட்டாக இல்லாமல் வேகமாகச் சுற்றும் இரண்டு தட்டாகப் போடுகிறார்கள். அதனால் இடம் நிறைய இருக்கிறது. ‘வாலு’ பாட்டில் அப்போது எடுத்துவிட்ட உன் சோலோ, நீ தனியாக வாசித்த மூன்று நிமிடம் பத்து விநாடி, தனிச் சுருளாக அந்தப் பெட்டியிலேயே இருந்ததாம். அதைத் திரும்பச் சேர்க்க விரும்புகிறார்கள். வெளிவராத வாசிப்பு என்பதால் உன் சம்மதம் வேண்டும். படிவம் இணைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

விருப்பம் இல்லாவிட்டாலும் சொல். யாரும் வற்புறுத்தப் போவதில்லை.

அத்தான்


மார்ச் 15

ஒலிப்பதிவாளர் அவர்களுக்கு,

பிரித்தேன். பந்தயத்தில் ஜெயித்ததற்கு வாழ்த்துகள். படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

‘எடுத்துவிட்ட’ என்று எவ்வளவு பதவிசாக எழுதியிருக்கிறீர்கள்! சட்டையிலிருந்து நூல் எடுத்துவிடுகிற மாதிரி. வெட்டினீர்கள் என்று எழுதினால் என்ன, பேனா உடைந்துவிடுமா?

அந்தத் தட்டு என் கைக்கு வந்த நாளை நான் மறக்கவில்லை. அட்டையில் நாலு நாற்காலிகள். நான் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள், என் நாற்காலியில் என் ஸ்வெட்டர் உட்கார்ந்திருக்கிறது. போகட்டும் என்று சிரித்துக்கொண்டேன். இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். ‘வாலு’ என்று அண்ணன் என்னைக் கூப்பிடுகிற பெயரையே வைத்த பாட்டு. அவருடைய சோலோ ஆறு நிமிஷத்துக்கு மேல் போகிறது. அடுத்தது நான். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான் வரவில்லை. நேராக முடிவுப் பகுதி வந்துவிட்டது. ஊசிதான் தாண்டிவிட்டது என்று நினைத்து மூன்று தரம் எடுத்து வைத்தேன். பைத்தியக்காரி.

அதன் பிறகு ஸ்டூடியோவுக்கு ஃபோன் செய்தேன். நீங்கள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. “உங்க அண்ணன்தான் வெட்டச் சொன்னாரு. நான் என்ன பண்ணட்டும்?”

என் பெயரை வைத்த பாட்டில் என்னையே வெட்டியவர் அவர். நான் நன்றாக வாசித்த நாளில் கைக்குட்டையை எடுத்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். “அதாம்மா உங்க அண்ணன் குடுக்கற பாராட்டு” என்று பேஸ்காரர் எனக்கு மொழிபெயர்ப்பார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயைத் திறந்து ‘பரவாயில்லை’ என்று சொல்லியிருந்தால் நான் அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்திருக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகவும் ஆகியிருக்க மாட்டேன்.

அவரே வேண்டாம் என்று தள்ளியதை, அவர் செத்துப் பதினொரு வருஷம் கழித்து, நாற்காலி கிரீச்சிடுவதைக் கேட்கிறவர்களுக்காக ஒட்ட வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பு. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

பியானோ ஆசிரியை


மார்ச் 27

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை. ஒத்தடம் பற்றி மட்டும் சொன்னேன். “அவ சொன்னா மட்டும் கேப்பேனாக்கும்” என்றாள். சாயங்காலம் பார்த்தால் பாத்திரத்தில் வெந்நீர்.

நீ மறுத்ததைக் கம்பெனி அம்மாளிடம் சொன்னேன். அவர் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. எதையாவது படிக்கும்போது மேலே இருப்பது கீழே வரும், கீழே இருந்தது மேலே போகும். பெட்டிக்குள் இருந்த காகிதங்களை அப்படி மாற்றி மாற்றிப் படித்திருக்கிறார். உன் சோலோ சேர்ந்தாலும் சேராவிட்டாலும், தட்டோடு வரும் சிறு புத்தகத்தில் அவற்றையெல்லாம் அப்படியே படம் எடுத்துப் போடுவதாகச் சொல்கிறார். ஒலிப் பிரியர்களுக்கு அதுவும் பிடிக்குமாம். எந்த மைக், எவ்வளவு உயரத்தில், யாருக்கு இடது பக்கம் என்று நான் எழுதிய தாள்கள். உன் அண்ணன் கையெழுத்தில் ஒரு சீட்டும் இருக்கிறது.

போன வாரம் அவர்கள் அறைக்கு என்னைக் கூப்பிட்டு அந்தத் துண்டை ஓட்டிக் காட்டினார்கள். சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறை. நீ வாசித்து முடிக்கிற இடத்தில் ஒரு குரல் விழுந்திருக்கிறது. நான் மறந்தே போயிருந்தேன். மறந்தேன் என்றும் சொல்ல முடியாது.

சின்னவளே, உன் அண்ணன் மேல் இருக்கிற கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார். அவர் பக்கம் எடுத்துச் சொல்ல யாரும் இல்லாமல் போய்விட்டது. இதையெல்லாம் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். உன் அக்காவால் அவ்வளவு தூரம் ரயிலில் வர முடியாது. நான் மட்டும் வந்தால் நீ கதவைத் திறப்பாயா என்று தெரியவில்லை.

அத்தான்

பி.கு. பேஸ்காரரிடம் பேசினேன். காது நன்றாகக் கேட்கிறது, விரல்தான் மடங்கவில்லையாம். நம் இரண்டு பேரையும் சேர்த்தால் ஓர் ஆள் தேறும் என்றார்.


ஏப்ரல் 6

ஒலிப்பதிவாளர் அவர்களுக்கு,

அவர் பக்கம் சொல்ல யாரும் இல்லையா? அவரே ஒரு தரம் வந்திருந்தார். உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன், தபால்காரருக்காவது வேலையாகட்டும்.

நான் இங்கே சேர்ந்த மறு வருஷம். இரண்டாம் மாடியில் இசை வகுப்பு, வெளியே நீளமான தாழ்வாரம், ஒரு மர பெஞ்சு. சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கட்டை விரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைத்து வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பெஞ்சில் டிரம்பெட் பெட்டி. அதன் பக்கத்தில் அவர், கையைக் கட்டிக்கொண்டு.

கடைநிலை ஊழியர் உள்ளே வந்து, “அண்ணன் வந்திருக்காரும்மா” என்றார். “கிளாஸ் நடக்குதுன்னு சொல்லுங்க” என்றேன். நாற்பது நிமிஷ வகுப்பு. மணி அடித்தது. நான் பிள்ளைகளை விடவில்லை. இன்னொரு தரம் வாசி, இன்னொரு தரம் வாசி என்று ஒன்றரை மணி நேரம் இழுத்தேன். ஒரு பிள்ளை அழுதேவிட்டது. அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் அந்த அரைகுறை வாசிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து போய்விட்டார்.

கதவைத் தட்டியிருக்கலாம் இல்லையா? ‘தப்புப் பண்ணிட்டேன் வாலு’ என்று நாலு எழுத்து ஒரு காகிதத்தில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளியிருக்கலாம் இல்லையா? மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வராதவரை நான் எதற்காக உள்ளே கூப்பிட வேண்டும்? அதனால்தான் அவர் செத்துப்போனபோதும் நான் வரவில்லை. அக்கா ஃபோனில் அழுதாள். எனக்குப் பரீட்சை வேலை இருக்கிறது என்று சொன்னேன். அப்போது விடுமுறை.

உங்கள் கடிதத்தில் ஏதோ ஒளிந்திருக்கிறது. குரல் என்கிறீர்கள், யார் குரல் என்று இல்லை. சீட்டு என்கிறீர்கள், என்ன எழுதியிருக்கிறது என்று இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாத அன்றைக்குத்தான் இப்படிச் சுற்றி வளைப்பார்கள்.

அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது?

பியானோ ஆசிரியை


ஏப்ரல் 18

சின்னவளுக்கு,

சீட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

“மாப்ளே, ரெண்டாம் பக்கம் நீளம்னு சொன்னே. ‘வாலு’ல என் சோலோவுலேர்ந்து மூணு நிமிஷம் எடுத்துடு. பின்பாதி வெறும் சுத்தல்தான். அவளோடதுல பிளேடு வைக்காதே. கடைசியில நான் வாயத் தொறந்துட்டேன், அது இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.”

அவர் உன்னை வெட்டச் சொல்லவில்லை. நான் வெட்டினேன். நான்தான்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நியாயப்படுத்த இல்லை. இரண்டாம் பக்கம் இருபத்தாறு நிமிஷம் வந்துவிட்டது. இருபத்து மூன்றுக்கு மேல் போனால் தட்டில் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்க வேண்டும், சத்தம் இளைத்துவிடும். மூன்று நிமிஷம் எங்கேயாவது எடுத்தாக வேண்டும். அவருடைய சோலோவில் வெட்டச் சீட்டு வைத்துவிட்டுப் போனார். வெள்ளைப் பென்சிலால் டேப்பில் குறி போட்டுவிட்டு, பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மனசு வரவில்லை. நான் அதுவரை பதிவு செய்ததிலேயே நல்ல ஆறு நிமிஷம் அது. அவர் ‘சுத்தல்’ என்கிற அந்தப் பின்பாதிக்காகத்தான் ஜனங்கள் இன்றைக்கும் தட்டைத் தேடுகிறார்கள்.

உன்னுடையதோ, அளந்தால் மூன்று நிமிடம் பத்து விநாடி. தைத்து வைத்தது போல் சரியாக இருந்தது. அதோடு, நீ முடிக்கிற இடத்தில் அவர் பேசிவிட்டார். டிரம்பெட் மைக்கில் குரல் விழுந்துவிட்டது. இரண்டே டிராக்கில் எல்லாம் கலந்த பதிவு, குரலை மட்டும் தனியாக எடுக்க வழியில்லை. என் பதிவில் இருமல், செருப்புச் சத்தம், பேச்சு எதுவும் இருக்கக் கூடாது என்பது என் கிறுக்கு, உனக்குத் தெரியும். பேஸ்காரர் கடிகாரத்தைக் கழற்றிவைக்கச் சொன்னவன் நான். இசைக்கு நடுவில் பேச்சு விழுந்த பதிவு எனக்குக் கெட்டுப்போன பதிவு. குறையை எடுக்கிறேன் என்று நினைத்தேன். உன்னை எடுத்தேன்.

அப்புறம் நீ ஃபோன் செய்தாய். ஸ்டூடியோவில் வேறு பதிவு ஓடிக்கொண்டிருந்தது. உன் குரலில் இருந்த சூட்டில் என் வாயில் முதலில் வந்தது அந்த வாக்கியம். நீயும் அவரும் அடித்துக்கொள்ளாத நாள் உண்டா? அண்ணன் தங்கை, நாளைக்கே சேர்ந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன். வெளியிலிருந்து வந்த மாப்பிள்ளை மேல் வந்தால் அந்தக் கோபம் தீராது என்று பயந்தேன். இவ்வளவுதான் காரணம். முப்பத்து நாலு வருஷத்துக்கு இது போதாது என்று எனக்கும் தெரிகிறது.

நீ ஊரை விட்டுப் போன வாரம் அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். நீ கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். “நீயே சொல்லிடு மாப்ளே. நான் சொன்னா, தப்பிக்கப் பாக்கறேன்னு நெனைப்பா” என்றார். சரி என்றேன். அவர் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. அதற்குள் நான் எழுதியிருப்பேன் என்று நினைத்துத்தான் வந்திருப்பார்.

ஒவ்வொரு வருஷமும் “சொல்லிட்டியா?” என்று கேட்பார். “எழுதப்போறேன்” என்பேன். நாலு வருஷம் கேட்டார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாமே என்று நீ கேட்கலாம். முடியவில்லை. ஒரு பதிவைச் சேர்ந்த எந்தக் காகிதமும் அந்தப் பெட்டியை விட்டு வெளியே போகக் கூடாது என்று சேர்ந்த அன்றைக்கே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வெட்டிய துண்டைச் சின்னச் சுருளில் சுற்றினேன், சீட்டை மடித்து அதன் அடியில் வைத்தேன், மூடிமேல் தேதி போட்டேன். உன்னிடம் பொய் சொல்ல முடிந்தது. டேப் பெட்டியிடம் முடியவில்லை. என் தொழில் புத்தி அப்படி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தில் ‘விருப்பம் இல்லாவிட்டாலும் சொல்’ என்று எழுதினேனே, நீ மறுத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதினேன். மறுத்ததும் நிம்மதியாகத் தூங்கினேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

குரல் யாருடையது என்று இப்போது உனக்குத் தெரியும். என்ன சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். உனக்கும் அவருக்கும் நடுவில் நான் ஒரு தரம் புகுந்தது போதும். நீயே கேட்டுக்கொள்.

அத்தான் என்று போடத் தகுதி இல்லை. வேறு என்ன போடுவது என்றும் தெரியவில்லை.


மே 30

கடிதம் கிடைத்தது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். நாலாவதில் திட்டு எதுவும் மிச்சமில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். துண்டைச் சேர்க்கட்டும். அண்ணனுடையதில் ஒரு விநாடியும் குறைக்கக் கூடாது. குரலைத் துடைக்கவோ தேய்க்கவோ கூடாது. சீட்டையும் புத்தகத்தில் போடட்டும், மறைக்க வேண்டாம்.

அக்காவிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லுங்கள். அவளுக்கு அது என் வாயால் தெரிய வேண்டாம்.


ஜூன் 12

சின்னவளுக்கு,

சொன்னேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே சொன்னேன்.

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இங்க வந்து இந்த டேபிள்லதானே உக்காந்து சாப்ட்டான்? உங்க மூஞ்சிக்கு நேரா உக்காந்து சாப்ட்டானே. ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னானா?” என்றாள். “எனக்காகத்தான் சொல்லாம இருந்திருக்கான்” என்றாள். மடித்த துணிகளில் என்னுடையதை ஒரு பக்கம் வைத்தாள். அவளுடையதைப் பெட்டியில் வைத்தாள்.

ரயிலில் அவ்வளவு தூரம் வர முடியாத மூட்டு, அன்றைக்கு எப்படியோ ரயில் ஏறிவிட்டது. இதற்குள் உன்னிடம் சேர்ந்திருப்பாள். படிகளில் கையைப் பிடித்துக்கொள்.

வீட்டில் நான் மட்டும்தான். ஒலிப்பதிவுக்கு ஏற்ற அமைதி. இதற்குத்தானே ஆசைப்பட்டாய் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று கம்பெனியிலிருந்து சோதனைத் தட்டு இரண்டு பிரதிகள் வந்தன. ஒன்று உனக்கு, தனியாக அனுப்பியிருக்கிறேன். என்னுடையதைப் போட்டுக் கேட்டேன். உன் அண்ணனை நான் வலது பக்கம் நிறுத்தியிருந்தேன், என் வலது காது இருக்கிற நிலையில் அவர் பேசியது கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். இடது காது அவர் பக்கம் வந்தது, அப்போது கேட்டது. இருபது தரமாவது கேட்டிருப்பேன்.

அதைக் குறை என்று நினைத்த காது இது. போனது நல்லதுதான்.

உன்னிடம் தட்டு போட வசதி இருக்கிறதா என்று தெரியாது. யாரிடமாவது போய்க் கேள். நல்ல கருவியில் கேள்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுத மாட்டேன். கேட்க வேண்டியவரிடம் கேட்கும் காலம் போய்விட்டது.


ஜூலை 2

அத்தானுக்கு,

இப்படி ஆரம்பிக்கலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். “எழுதித் தொலை, வேற என்னன்னு கூப்பிடுவே?” என்று அக்கா பக்கத்திலிருந்து சொல்கிறாள்.

அவள் எப்போது திரும்பி வருவாள் என்று கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது. உங்கள் ரத்த அழுத்த மாத்திரை சமையலறை அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு கணக்குத் தப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பொய் உங்களுடையது, சரி. மணி அடித்த பிறகும் வகுப்பை விடாமல் இழுத்தது நான். விடுமுறையில் பரீட்சை வேலை என்று சொன்னது நான். ஒரு வாக்கியத்தை நம்புவதற்கு எனக்கு ஒரு விநாடி போதுமாக இருந்தது, அந்த அண்ணனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நடை பழகியவள் நான். ‘அவரா அப்படிச் சொன்னார்?’ என்று ஒரு தரம் அவரையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதை எந்தப் பெட்டியில் வைப்பது?

தட்டு கேட்டோம். என்னிடம் கருவி இல்லை. என் மாணவி ஒருத்தியின் அப்பா பல் டாக்டர், நீங்கள் சொன்ன கூட்டத்தில் முக்கியமானவர். இரண்டு ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் ஃபிரிட்ஜ் உயரம். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, நடுவில் ஒற்றை நாற்காலி. அதில் அவர் மனைவியே இதுவரை உட்கார்ந்தது இல்லையாம். அக்கா, “அப்பாடா, முட்டி போச்சு” என்று நேரே போய் அதில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவருக்கே பல் பிடுங்கின மாதிரி. கையில் வெள்ளை உறையை மாட்டிக்கொண்டு தட்டை வைத்தார். நான் அக்காவின் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணனுடைய ஆறு நிமிஷம் வந்தது. நீங்கள் பிளேடு வைக்க மாட்டேன் என்றது எனக்குப் புரிகிறது. கோபத்தோடுதான் சொல்கிறேன், புரிகிறது.

அப்புறம் நான் வந்தேன். அத்தான், நான் முப்பத்து நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த அளவுக்கு நன்றாக இல்லை. நடுவில் அவசரப்படுகிறேன். ஓர் இடத்தில் விரல் தவறுகிறது. என் மாணவியாக இருந்தால் நிறுத்தி, இன்னொரு தரம் வாசி என்றிருப்பேன். இதற்காகவா இவ்வளவும் என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கடைசி வரிகளில்தான் எங்கிருந்தோ ஒன்று வந்து சேருகிறது. இப்போது உட்கார்ந்து யோசித்தாலும் எனக்கு அது வராது. அந்த இருபத்தாறு வயசுக்காரிக்கு வந்திருக்கிறது.

கடைசிக் கட்டையையும் வாசித்துவிட்டேன். சத்தம் இன்னும் அடங்கவில்லை. வலது பக்கத்திலிருந்து, தலையை ஆட்டிக்கொண்டு சொல்கிறவர் குரலில், “அடிப்பாவி!” என்றார்.

அவ்வளவுதான். கூடவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பில், மறுபடி டிரம்பெட்டை எடுக்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுவிட்டார். ஒரு மூச்சு தாமதம். ஒரு நாளும் எடுப்புத் தவறாத மனிதர், எனக்காகத் தவறவிட்டிருக்கிறார்.

அக்காவின் தோள் குலுங்கியது. நான் நாற்காலியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் எங்களைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இங்க ஒரு சத்தம் விழுந்திருக்கு, கவனிச்சீங்களா மேடம்? வலது பக்கம். தட்டை அச்சடிச்சதுல ஏதோ குறை. எழுதிப் போட்டா மாத்திக் குடுத்துருவாங்க” என்றார்.

“மாத்த வேண்டாம் டாக்டர்” என்றேன். “அது எங்க அண்ணன்.”

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று ஊசியை எடுக்கக் கையை நீட்டினார். எடுக்காதீர்கள் என்றேன். அண்ணன் அப்போதுதான் டிரம்பெட்டை வாயில் வைத்திருந்தார்.

சின்னவள்